உள்ளாட்சித் தேர்தல்: கோயிலுக்கு வரும் பெரியவர்களுக்கு என்ன சொல்வது, எப்போது சொல்வது?

கேள்வி: சாட்ஸ்வர்த் செயலாளர்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய கோயிலில் நான் செயலாளர். பெரிய பதவி என்று எண்ண வேண்டாம். நாற்காலி எண்ணுவதும் பந்தலுக்கு ஆள் பிடிப்பதும்தான் வேலை. இந்த முறை குழுவினர் புதிதாக ஒன்றைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். உள்ளாட்சித் தேர்தல் வருகிறது, ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம் சேரும், அன்று கையில் கொடுக்கத் தமிழில் ஒரு துண்டறிக்கை எழுது என்கிறார்கள்.

எழுதத் தயார்தான். ஆனால் யாருக்காக எழுதுவது என்று தெரியவில்லை. ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். அவர்களுக்கு வாக்குரிமை வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். பெரியவர்களில் பலர் தேவாரத்தையே ஆங்கில எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள்.

இன்னொரு விஷயமும் மனத்தை அரிக்கிறது. 2024 மே 29, தேசியத் தேர்தல் அன்று, எங்கள் தெருவிலிருந்து ஒரு மூதாட்டி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வாக்களிக்கக் கிளம்பினார். வெயிலில் வெகுநேரம் வரிசையில் நின்ற பிறகு, உங்கள் பெயர் இந்தச் சாவடியில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மகள் வீட்டுக்குக் குடிவந்து எவ்வளவோ காலமாகியும், பெயர் பழைய வீட்டுப் பக்கத்துச் சாவடியிலேயே இருந்திருக்கிறது. அவர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைசியாக ஒரு தலைவலி: குழுவில் ஒருவரின் மருமகன் வார்டு வேட்பாளராக நிற்கப்போவதாகப் பேச்சு. கோயில் பெயரில் தேர்தல் என்று வாயைத் திறந்தாலே அந்தப் பக்கத்துக்கு ஆள் சேர்க்கிறோம் என்பார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.


பதில்: மெர்பேங்க் டீச்சர்

தம்பி, முதலில் ஆடியை மறந்துவிடுங்கள். கூழுக்கு நாள் இருக்கிறது, வாக்காளர் பட்டியலுக்கு இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் தொடங்கி, ஓய்வு பெற்ற பிறகும், தேர்தல் நாளில் சாவடி மேசையில் உட்கார்ந்தவள் நான். சில தேர்தல்களில் சாவடியின் தலைமை அலுவலராகவும் இருந்தேன். அதனால் சற்று அதட்டலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மக்கள் வாக்களிக்க வராததற்குச் சோம்பல்தான் காரணம் என்று மேடையில் நின்று பேசுகிறவர்கள் சொல்வார்கள். 2021 உள்ளாட்சித் தேர்தலில் பட்டியலில் இருந்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை, நாடு முழுக்க 46 விழுக்காட்டை ஒட்டித்தான். வராத அந்தப் பாதியை நீங்களும் நானும் காகிதம் கொடுத்துக் கூட்டி வந்துவிட முடியாது. குழாயில் தண்ணீர் வராத கோபமும், கவுன்சிலர் போனை எடுக்காத கோபமும் துண்டறிக்கைக்கு அடங்காது. என் கவலை வந்தவர்களைப் பற்றியது. உங்கள் தெருப் பாட்டியைப் போல, ஐடியைக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்து, நின்று, திரும்பிப் போனவர்களைப் பற்றியது. அப்படிப்பட்டவர்களை என் மேசைக்கு எதிரில் ஒவ்வொரு தேர்தலிலும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆர்வமூட்ட வேண்டிய தேவையே இல்லை. பெயர் எந்தச் சாவடியில் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

உள்ளாட்சித் தேர்தலில் இது இன்னும் கடுமை. 2024 தேசியத் தேர்தலில், முன்னதாகவே தெரிவித்து அனுமதி பெற்றிருந்தால் வேறு சாவடியிலும் வாக்களிக்க வழி இருந்தது. உள்ளாட்சிக்கு அந்தப் பேச்சே கிடையாது. எங்கே பதிந்திருக்கிறதோ அங்கே மட்டும்தான். வெளிநாட்டில் இருப்பவருக்கும் வாக்கு இல்லை. உங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் யார் என்பதை அந்த வார்டுக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

இப்போது தேதிக்கு வருகிறேன். இன்றைய மாநகராட்சி மன்றங்கள் 2021 நவம்பர் 1 அன்று தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஐந்து ஆண்டுக் காலம் 2026 நவம்பர் தொடக்கத்தில் முடிகிறது, அதிலிருந்து 90 நாட்களுக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும். அதுதான் நாள் இருக்கிறதே என்று எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் பெயர் பதியவும் முகவரி மாற்றவும் கடைசி நாள் தேர்தல் நாள் இல்லை. அமைச்சர் தேர்தல் தேதியை அரசிதழில் வெளியிடும் நாளின் நள்ளிரவோடு வாக்காளர் பட்டியல் மூடப்படும். 2021இல் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? செப்டம்பர் 18, 19 சனி ஞாயிறு பதிவு நாட்கள். 20ஆம் தேதி திங்கட்கிழமை அரசிதழ் வந்தது, பட்டியல் மூடிவிட்டது. 2024இல் அதிபர் பிப்ரவரி 20 அன்று தேதியை அறிவித்தார், 23ஆம் தேதி முறைப்படி வெளியானது. மூன்றே நாள். செய்தியில் கேட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். நீங்கள் ஆடிக் கூழுக்குக் காத்திருந்து, அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அரசிதழ் வந்துவிட்டால், உங்கள் துண்டறிக்கையில் கூழ்ச் சட்டியை இறக்கி வைக்கலாம்.

ஆகவே அடுத்த பூசைக்கே தொடங்குங்கள். செய்ய வேண்டியது சிறிய வேலை. அவரவர் போனிலிருந்து அவரவர் ஐடி எண்ணை 32810க்கு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு ராண்டு போகும். பதிந்திருக்கிறதா, எந்தச் சாவடி என்று பதில் வரும். எஸ்எம்எஸ் தெரியாதவர் 0800 11 8000க்குப் பேசலாம், கட்டணம் இல்லை. பதில் வந்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தச் சாவடி இப்போது நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு உரியதா? ஆம் என்றால் போய்ப் பிரசாதம் வாங்கிக்கொள்ளட்டும். இல்லை என்றால் அவர்தான் உங்கள் ஆள், அவரோடு உட்காருங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்திலேயே முகவரியை மாற்றலாம். பதிவுக்கென்று சாவடிகளைத் திறந்து வைக்கும் வார இறுதியிலும் மாற்றலாம். பேரப்பிள்ளைக்குப் பதினாறு வயதாகியிருந்தால் அவனையும் பதியுங்கள், பதினெட்டு நிறைந்ததும் பெயர் தானாக வாக்காளர் பட்டியலுக்கு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கோயில் வரவு நோட்டில் எல்லோருடைய ஐடி எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்க்கலாம் என்று உங்கள் குழுவில் யாராவது கட்டாயம் யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழு வீச்சில் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்த நோட்டு நாளைக்கு யார் கைக்குப் போகும்? வேட்பாளர் மருமகன் கைக்கா? எண்ணை அவரே தட்டட்டும், பதிலை அவரே படிக்கட்டும். நீங்கள் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தால் போதும்.

மொழி பற்றிக் கேட்டீர்கள். காகிதத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழ் டீச்சரே இப்படிச் சொல்கிறாரே என்று வருத்தப்பட வேண்டாம். நம் அரசமைப்புச் சட்டத்தின் ஆறாவது பிரிவு குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருதுவோடு தமிழையும் பெயர் சொல்லி, மதிக்கப்பட வேண்டிய மொழி என்கிறது. எனக்கும் பெருமைதான். ஆனால் சாவடியில் இருக்கும் பிள்ளை ஆங்கிலத்திலோ ஜூலுவிலோதான் பேசும். அங்கே பாட்டியின் காதில் விழப்போகும் சொற்களை இங்கேயே பழக்கிவிடுங்கள். தீபாராதனை முடிந்து திருநீறு கொடுக்கும் முன்பு பூசாரி தமிழில் நான்கு வரி சொல்லட்டும், அது காகிதத்தைவிடத் தூரம் போகும்.


பதில்: டொங்காட் பெரியவர்

டீச்சர் சொன்னதில் மொழி விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. என் தமக்கை தமிழ் மட்டுமே படிப்பவர். அவரைப் போல ஊருக்கு நான்கு பேர் இருந்தாலும் அந்த நான்கு பேருக்கு ஒரு பக்கம் தமிழில் அச்சடித்தால் என்ன செலவாகிவிடும்? மற்றொரு பக்கம் ஆங்கிலம் இருக்கட்டும். தமிழ்ப் பக்கத்தைப் பார்க்கிறவர் பாட்டனார் காலத்தை நினைப்பார், அதுவும் வேண்டியதுதான்.

எங்கள் பாட்டன்மாருக்கு நேட்டாலில், அதாவது அன்றைய இந்த மாகாணத்தில், வாக்கு என்பது பறிபோன பொருள். 1896இல் சட்டமன்றத் தேர்தலில் இந்தியர் பட்டியலில் சேரும் வழியை அடைத்தார்கள். நகராட்சி வாக்கு மட்டும் சிலருக்கு மிச்சமிருந்தது. 1924இல் வந்த மாகாணச் சட்டம் நகராட்சிப் பட்டியலில் புதிதாக இந்தியர் சேரவும் கதவைச் சாத்திவிட்டது. 1984 ஆகஸ்டில், வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் இந்தியருக்கும் தனித்தனி அவை, கறுப்பினத்தவருக்கு எதுவும் இல்லை என்ற மூன்று அவை நாடாளுமன்றத்தைக் காட்டி இந்தியரைத் தேர்தலுக்கு அழைத்தார்கள். ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் போனார்கள். போகாமல் வீட்டில் இருந்ததே அன்றைக்கு நாங்கள் சொன்ன பதில். எல்லா இனத்தவரும் வாக்களித்த 1994 தேசியத் தேர்தல் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த மாகாணத்தில் நகராட்சிக்கு எல்லோரும் சேர்ந்து வாக்களித்த முதல் நாள் 1996 ஜூன் 26. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் யாரைக் கேட்பது என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது கேட்டாலும் பதில் வருவதில்லை என்பது வேறு கதை.

என் கேள்வி இது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் பக்கம் நீர் சுத்திகரிப்பு நிலையமே உடைந்து, மாதக்கணக்கில் லாரித் தண்ணீர் பிடித்தோம். வீடு இடிந்த சிலர் வெருலம் பக்கம் உறவினரோடு போய்த் தங்கினார்கள், இன்னும் திரும்பவில்லை. வீட்டு வரி ரசீது பழைய வீட்டுக்கு, படுப்பது தங்கை வீட்டில். அவர்கள் எங்கே பதிவது? கையில் முகவரிச் சான்று எதுவும் இல்லையே.


பதில்: மெர்பேங்க் டீச்சர்

ஐயா, இரண்டு பக்கம் அச்சடிக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். தமிழ்ப் பக்கத்தைப் பிழையில்லாமல் நானே எழுதித் தருகிறேன். 'வாக்கு'வை 'வாக்க்கு' என்று அச்சடித்த நோட்டீசை ஒருமுறை பார்த்தேன், இன்னும் தூக்கத்தில் வருகிறது.

சான்று தேவையில்லை. பதியும்போது ஐடி மட்டும் காட்டினால் போதும், முகவரியை வாயால் சொல்லலாம், வீட்டு எண் இல்லாவிட்டால் இடத்தை விவரிக்கலாம். எந்த முகவரி என்றால், வழக்கமாக எங்கே வாழ்கிறாரோ அது. வரி ரசீது யார் பெயரில் என்பது கணக்கில்லை. தங்கை வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர் தங்கை வீட்டுச் சாவடியில் பதிவதே முறை. வீட்டைக் கட்டி முடித்துத் திரும்பப்போகிறவர், தற்காலிகமாக அங்கே படுக்கிறவர் என்றால் பழைய இடமே சரி. அதை அவர் மனச்சாட்சிதான் சொல்ல வேண்டும், நீங்களும் நானும் முடிவு செய்யக் கூடாது.

முகவரியில் ஆணையம் இவ்வளவு கண்டிப்பு காட்டுவதற்கு ஒரு வழக்கு காரணம். பொச்செஃப்ஸ்ட்ரூம் நகரம் அன்று இருந்த ட்லோக்வே நகராட்சியில் இடைத்தேர்தல்கள் நடந்தன. வார்டில் வசிக்காதவர்களைக் கொண்டு வந்து பட்டியலில் பதிந்துவிட்டார்கள் என்று சுயேச்சை வேட்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2015 நவம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் அந்த இடைத்தேர்தல்களைச் செல்லாது என்றது. பட்டியலில் முகவரி இருக்க வேண்டும் என்பதும் அங்கேயிருந்து வந்ததுதான். அதற்கு முன்பு பதிந்து அப்படியே விட்டுவிட்ட பெரியவர்கள் நம் கோயில்களில் நிறைய இருப்பார்கள். அவர்கள் வீடு மாறாவிட்டாலும், முகவரி சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று. நீங்கள் வீடு மாறாவிட்டாலும் வார்டு எல்லை மாறலாம். எல்லை வரையறுக்கும் வாரியம் தேர்தலுக்குத் தேர்தல் கோட்டை நகர்த்துகிறது. நம் டர்பன் மாநகராட்சியான எத்தேக்வினியில் 2016இல் 110 வார்டு, 2021இல் 111. கோடு உங்கள் தெருவுக்கு நடுவில் விழுந்தால் எதிர்வீட்டுக்காரரும் நீங்களும் வேறு வேறு வார்டு. போன முறை போன இடம்தானே என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது.


பதில்: ஃபீனிக்ஸ் மாணவி

அக்கா, அண்ணா எல்லோருக்கும் வணக்கம். காகிதத்தை யார் படிக்கிறார்கள்? எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்கு எல்லாச் செய்தியும் வாட்ஸ்ஆப்பில்தான் வருகிறது, அதில் பாதி பொய். 'நீ வாக்களிக்காவிட்டால் உன் வாக்கு ஆளுங்கட்சிக்குப் போய்விடும்' என்று ஒன்று. 'சீட்டில் எல்லாருக்கும் குறுக்குக் கோடு போட்டால் எதிர்ப்பு வாக்காக எண்ணுவார்கள்' என்று ஒன்று. பெரியப்பா இரண்டையும் நம்பி, இரண்டையும் குடும்பக் குழுவில் போட்டார். செயலாளர் அண்ணா ஒரு நிமிடக் குரல் பதிவு செய்து கோயில் குழுவில் அனுப்பினால் அதுவும் அதே வேகத்தில் பரவும். பூசாரி குரலில் இருந்தால் இன்னும் நல்லது, அவர் பேச்சைப் பெரியப்பா தட்டமாட்டார்.

எனக்கும் ஒரு சந்தேகம். நான் பிரிட்டோரியாவில் படிக்கிறேன். தேர்தல் நாள் பாடவேளையில் வந்தால் என்ன செய்வது?


பதில்: மெர்பேங்க் டீச்சர்

குரல் பதிவு நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லை. கூடவே பெரியப்பாவுக்கு இதைச் சொல்: வாக்களிக்காதவர் வாக்கு யாருக்கும் போகாது. செல்லாத சீட்டைத் தனியாக எடுத்து வைப்பார்கள், அது எந்தக் கட்சிக்கும் எதிராகவும் எண்ணப்படாது, ஆதரவாகவும் எண்ணப்படாது.

உனக்கு: விடுதியில்தான் பெரும்பாலும் வாழ்கிறாய் என்றால் பிரிட்டோரியாவிலேயே பதியலாம், அந்த ஊர்க் கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பாய். ஃபீனிக்ஸ்தான் உன் ஊர், அங்கேதான் கவலை என்றால் பஸ் டிக்கெட்டை இப்போதே பார்த்து வை. இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. விடுதிக் குளியலறையில் தண்ணீர் நின்றால் யாரிடம் போவாய் என்று யோசி, பதில் கிடைத்துவிடும்.


கேட்டவர்: சாட்ஸ்வர்த் செயலாளர்

டீச்சர், ஐயா, தங்கை, எல்லோருக்கும் நன்றி. குழுவில் பேசிவிட்டேன், ஆடிக்குக் காத்திருக்கவில்லை, வரும் சனிக்கிழமை காலைப் பூசைக்கே தொடங்குகிறோம். மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன்.

படுக்கையோடு இருக்கும் ஒரு தாத்தாவின் வீட்டார், அவர் எப்படி வாக்களிப்பது என்று கேட்டார்கள். கண் சரியாகத் தெரியாத ஒரு பாட்டி, உள்ளே மகனை அழைத்துப் போகலாமா என்று கேட்கிறார். 2024இல் மூன்று சீட்டு கொடுத்தார்களே, இந்த முறையும் மூன்றா என்று எல்லோருமே கேட்கிறார்கள். மருமகன் விவகாரமும் அப்படியே நிற்கிறது.


பதில்: மெர்பேங்க் டீச்சர்

டர்பனில் இரண்டு சீட்டு. மூன்று கொடுப்பது தேசிய, மாகாணத் தேர்தலில். மாநகராட்சி அல்லாத சிறிய நகராட்சிகளில் மாவட்ட மன்றத்துக்கும் சேர்த்து மூன்று வரும். உங்கள் கோயிலுக்கு வெளியூர் உறவினர் வந்து, எங்களுக்கு மூன்று என்று சொன்னால் சண்டை போடாதீர்கள், இருவரும் சரியாகத்தான் சொல்கிறீர்கள்.

இரண்டு சீட்டையும் நிதானமாக விளக்குங்கள், பெரும்பாலோர் குழம்புவது இங்கேதான். ஒன்றில் ஆட்களின் பெயர் இருக்கும். உங்கள் வார்டுக்கு நிற்பவர்கள், கட்சிக்காரரும் உண்டு, சுயேச்சையும் உண்டு. அதிக வாக்கு வாங்கியவர் கவுன்சிலர். மற்றொன்றில் கட்சிகள் மட்டும். மன்றத்தில் பாதி இடம் வார்டுக்காரர்களுக்கு, பாதி இடம் கட்சிப் பட்டியலிலிருந்து. 2021இல் எத்தேக்வினியில் 222 பேர், 111 பேர் வார்டிலிருந்து, 111 பேர் பட்டியலிலிருந்து. இரண்டு சீட்டிலும் ஒரே கட்சிக்குத்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தெருவில் ஓடியாடி உழைக்கிற ஒரு சுயேச்சைக்கு வார்டுச் சீட்டையும், தனக்குப் பிடித்த கட்சிக்கு மற்றச் சீட்டையும் போடலாம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரே ஒரு குறி, அவ்வளவுதான். பெயரெழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பழக்க தோஷம், அது சீட்டைச் செல்லாததாக்கிவிடும். தவறான கட்டத்தில் குறி விழுந்துவிட்டால் பயந்துபோய்ப் பெட்டியில் போட்டுவிடக் கூடாது. மேசைக்குத் திரும்பி வந்து சொன்னால் பழையதை வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்று தருவார்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு எத்தனை பேர் வாக்கை வீணாக்கியிருக்கிறார்கள் தெரியுமா? கேட்பது உரிமை, யாரும் திட்டமாட்டார்கள். குறி போட்ட சீட்டைப் போனில் படம் பிடிக்கக் கூடாது என்பதை இளையவர்களுக்குச் சொல்லுங்கள், பெரியவர்களுக்கு அந்த ஆசை கிடையாது.

தாத்தாவுக்குச் சிறப்பு வாக்கு உண்டு. முன்கூட்டியே, ஆணையம் அறிவிக்கும் நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அலுவலர்கள் வீட்டுக்கே சீட்டோடு வருவார்கள், குறி போட்ட சீட்டை வெற்று உறையில் வைத்து, அதைப் பெயர் எழுதிய இன்னொரு உறைக்குள் வைத்து மூடுவார்கள். இரண்டு உறை இருப்பதால்தான் யார் யாருக்குப் போட்டார் என்பது தெரியாது. அவர் முகவரி பட்டியலில் சரியாக இருந்தால்தான் வீட்டைக் கண்டுபிடிப்பார்கள், ஆகவே மறுபடியும் 32810.

கண் தெரியாத பாட்டி மகனை அழைத்துப் போகலாம். மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக் கூடாது. வயதானவர்களும் கர்ப்பிணிகளும் வரிசையில் முன்னே போகலாம், அலுவலரிடம் சொன்னால் போதும். ஐடி எது செல்லும் என்று கட்டாயம் கேட்பார்கள்: பச்சை நிறப் பட்டைக்கோடு புத்தகம், ஸ்மார்ட் அட்டை, தற்காலிக அடையாளச் சான்றிதழ். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி வாதாடுகிறவரோடு நான் நேரத்தை வீணாக்கியிருக்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். புகைப்பட நகலும் உதவாது. மூடும் நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டவரை வாக்களிக்காமல் திருப்பி அனுப்ப முடியாது என்பதையும் சொல்லி வையுங்கள். 2024இல் இரவு வெகுநேரம் வரிசை நின்றபோது இது தெரியாமல் கிளம்பிப் போனவர்கள் உண்டு.

மருமகன் விஷயம் எளிது. உங்கள் கோயில் வரிவிலக்குப் பெற்ற பொதுநல அமைப்பாகப் பதிந்திருக்குமே? அப்படியானால் எந்தக் கட்சிக்கு ஆதரவாகவும் எதிராகவும் கோயிலின் பணத்தையோ இடத்தையோ பயன்படுத்தக் கூடாது என்பது வருமான வரிச் சட்டத்திலேயே இருக்கிறது. குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். அவர் மாமனாருக்கும் உறுத்தாது, நீங்கள் சொன்னதாக இராது, சட்டம் சொன்னதாக இருக்கும். அவர் கும்பிட வரட்டும், கூழும் ஊற்றட்டும். கட்சிச் சட்டை வேண்டாம், மைக் வேண்டாம். மற்ற வேட்பாளர் வந்தாலும் இதே விதி. நம்பிக்கை வராதவர்களுக்காகத் தேர்தல் ஆணையத்தின் உள்ளூர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். மக்களிடம் போய் விளக்குவதற்கென்றே நகராட்சிதோறும் அவர்களுக்கு ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள், காசு கேட்கமாட்டார்கள். கூட்டம் பிறகு நடக்கட்டும், எஸ்எம்எஸ் வேலை அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.


பதில்: டொங்காட் பெரியவர்

தமிழ்ப் பக்கத்தை டீச்சர் எழுதியதும் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். எங்கள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்கு வைத்திருந்த கூட்டத்தை நானும் முன்னால் இழுத்துவிட்டேன். வெருலத்தில் தங்கியிருப்பவர்களை இந்த வாரமே பார்க்கிறேன்.


பதில்: மெர்பேங்க் டீச்சர்

அனுப்புகிறேன் ஐயா. செயலாளர் தம்பி, சனிக்கிழமை நானும் வருகிறேன், ஒரு மேசையும் நிழலும் போதும். இரண்டு மூன்று விதமான சார்ஜரும் நீட்டுக் கம்பியும் எடுத்து வையுங்கள். பாட்டிமார் போனில் ஏர்டைம் இருக்கும், சார்ஜ் இருக்காது.